ஆடிக்கு முன்னால் காய்ச்சிய பால்

என் வேலை ஆட்களை நாடு விட்டு நாடு குடியேற்றுவது. விசா, விமானம், வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், மிளகாய்த்தூள் எந்தக் கடையில் கிடைக்கும் என்பது வரை எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டும். எங்களுடையது சரக்குக் கப்பல் கம்பெனி. வடதுருவத்துப் பனி உருகிக் கடல்வழி திறந்த பிறகு, அந்தக் கோடியில் இருக்கிற துறைமுகங்களுக்கெல்லாம் கிரேன் இன்ஜினீயர்கள் தேவைப்பட்டார்கள். பெருங்குடி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, மதுரைக்காரரையும் மன்னார்குடிக்காரரையும் நார்வேக்கு மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அனுப்புவதில் ஒரு சிரமமும் இல்லை. போனவர்கள் அங்கே தரிக்கவில்லை என்பதுதான் தலைவலி. சூரியனே எட்டிப் பார்க்காத முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஏன் என்று கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, குழந்தைக்குச் சளி என்று எதையாவது சொல்வார்கள். ஊர் ஞாபகம் என்று ஒருத்தரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். ஜோலார்பேட்டை, கூடூர், விருத்தாசலம் என்று குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக வளர்ந்தேன். அப்புறம் ஹாஸ்டல், அப்புறம் வாடகை அறைகள். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

தரிக்காதவர்களுக்கு வைத்தியமாக வந்ததுதான் ஊசி. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அலுவலகத்தில் நாங்கள் ஊர் ஊசி என்றுதான் சொல்வோம். கம்பெனி டாக்டர் ஜுனைதா எனக்குத் தோழி. முதல் பெட்டி மருந்து வந்த அன்று கேன்டீனில் வைத்து எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள்.

“வாத்துக் குஞ்சு பொரிஞ்சு வந்ததும் முதல்ல எதைப் பாக்குதோ அதைத்தான் அம்மான்னு நெனச்சுப் பின்னாடியே போகும்ல? அதேதான் குமுதா. இங்க அம்மாவுக்குப் பதிலா வீடு. ஊசி போட்டதும் ‘இது என் இடம்’ங்கிற நெனப்பு தளர்ந்துரும். ஒரு மாசத்துக்குள்ள எந்த எடத்துல மனசு மொதல்ல நெறையுதோ அங்க போய் ஒட்டிக்கும். ஆயுசுக்கும் ஒரு தடவைதான் போடலாம்.”

“அப்ப பழைய வீடு?”

“ஞாபகம் இருக்கும். ஆனா போனா லாட்ஜ்ல தங்குற மாதிரி இருக்கும்.”

அது எனக்கு ஒன்றும் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. நான் எல்லா இடத்திலும் அப்படித்தான் தங்கிக்கொண்டிருந்தேன்.

நார்வேயில் இந்த மருந்துக்கு அனுமதி இல்லாததால் இங்கேயே போட்டு அனுப்ப வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிறவருக்கு மட்டும்தான் ஊசி. பெண்டாட்டி பிள்ளைகள் அவரைப் பார்த்துத் தேறிக்கொள்வார்கள் என்று கம்பெனி நினைத்தது. போட்டுக்கொண்டவர் அதற்குப் பிறகு சொந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது, விமானம் ஏறும்வரை லாட்ஜில் இருக்க வேண்டும். அங்கே இறங்கியதும் மனசு நிறைவதற்கு என்ன செய்வது என்று வெளிநாட்டு நிபுணர்கள் மெழுகுவர்த்தி, இசை என்று எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பால் காய்ச்சச் சொன்னேன். நம் ஆட்களுக்குப் புது வீட்டில் பால் பொங்கினால் போதும், அது அவர்கள் வீடு. அதற்காக அந்த ஊர்த் தீயணைப்புத் துறையோடு மல்லுக்கட்டி, அடுப்படியில் புகை மணி அடிக்காமல் இருக்க ஏற்பாடு செய்தேன். அதற்குப் பிறகு யாரும் திரும்பி வரவில்லை. எனக்குச் சம்பளமும் ஏறியது.

பூபாலன் மதுரை திருநகர்க்காரர். அதிர்ந்து பேசாத மனிதர், கிரேன் மென்பொருளில் கெட்டிக்காரர். மனைவி மீனலோசனி, ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் ஆதிரை. திருநகரில் சொந்தமாக வீடு கட்டிப் பால் காய்ச்சி ஆறு மாதம்கூட ஆகவில்லை. நார்வேயின் வடகோடியில் ஹாம்மர்ஃபெஸ்ட் துறைமுகத்துக்கு அவரைப் போட்டோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது. போய்ச் சேர்ந்த வாரத்திலிருந்து தினம் ஒரு வீடியோ அழைப்பு எனக்கு வர ஆரம்பித்தது.

குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், ஹீட்டரை எத்தனையில் வைக்கலாம் என்று ஒன்றுக்கும் உதவாத சந்தேகங்கள் கேட்பார். நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் கேலி பேச ஆரம்பித்தார்கள். எனக்கும் எரிச்சலாக இருந்தது. ஒருநாள், “மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்களேன்” என்றார். தள்ளி உட்கார்ந்தேன். மனிதர் பொலபொலவென்று கண்ணீர் விட்டார்.

“அந்த மஞ்சக் கதவைத் தொறந்து போட்டிருக்கீங்களே மேடம். பூச்சி வந்துரும். யாரையாவது சாத்தச் சொல்லுங்க.”

திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாதிரி வீடு இருந்தது. ஒரு அறையும் அடுப்படியும் கொண்ட கூடு அது. அங்கே போகிறவர்கள் மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னலைத் திறந்து மூடவும், ஹீட்டரைப் போட்டு அணைக்கவும் இங்கேயே பழகிக்கொள்வதற்காக அம்பத்தூரில் சொல்லிச் செய்தது. பலகை பலகையாகக் கழற்றி மாட்டலாம். அதன் கதவு மஞ்சள்.

மீனலோசனியைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் ஒளிக்கவில்லை. விமானம் ஆடி பிறந்த பிறகு. ஆடியில் யாராவது புது வீட்டுக்குக் குடிபோவார்களா? ஆனிக்குள் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டால், அப்புறம் எப்போது வேண்டுமானாலும் சாமானை இறக்கிக்கொள்ளலாம். ஊரில் எல்லாரும் செய்வதுதான். புது வீடோ கடலுக்கு அப்பால் இருக்கிறது. அதே அச்சில் ஒரு வீடு ஆபீசிலேயே இருக்கிறதே என்று, ஆனி கடைசி நாள் காலையில் பயிற்சிக்கு வந்த சாக்கில் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பொங்கவிட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தின நாள்தான் அவருக்கு ஊசி போட்டிருந்தது.

“வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நாங்க போகலையே. அது ஆபீஸ்தான மேடம்?” என்றார்.

மீனலோசனி சொல்லச் சொல்லத்தான் நிலைமை புரிந்தது. ஹாம்மர்ஃபெஸ்ட் வீட்டுக்குள்ளே பூபாலன் ஷூவைக் கழற்றுவதே இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். மகள் மடியில் ஏறினால் தலையைத் தடவிக் கொடுக்கிறார், ரயிலில் எதிர் சீட்டுக் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி. தூங்குவதில்லை. ஜுனைதாவிடம் போனேன். இரண்டாவது ஊசிக்கு வழியே இல்லை என்றாள். மனிதர் இப்படியே மெலிந்து போவார் என்றும் சொன்னாள்.

முதலில் அங்கேயே அதே அளவில், அதே மஞ்சளில் ஒரு நகல் செய்து வைத்தோம். பூபாலன் உள்ளே போனார், சுற்றிப் பார்த்தார், நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டு வெளியே வந்து பனியில் உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் மூன்றாவது மாடியிலிருந்து அசலைக் கழற்றிக் கப்பலேற்றினேன். துடைக்க வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம் என்று ஆட்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். அடுப்பு மேடையில் பால் வழிந்து காந்திய பழுப்புக் கறைகூட அப்படியே போனது. அங்கே பலகைகளை மாட்டி முடித்ததும் பூபாலன் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். மீனலோசனி அதை எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். ஷூவை மட்டும்தான் எடுத்திருந்தார்.

இதில் மகிழ்ந்தது அவர்கள் மட்டுமல்ல. என் மேலதிகாரி சக்ரபாணிக்கு மூளை பம்பரமாகச் சுற்றியது. ஹாம்மர்ஃபெஸ்ட்டில் ஒட்டிக்கொண்ட ஆளை ஹாம்மர்ஃபெஸ்ட்டில் மட்டும்தான் வைத்திருக்க முடியும். கூட்டில் ஒட்டிக்கொண்ட ஆளை? கூட்டை எங்கே தூக்கி வைத்தாலும் அங்கே வந்து நிற்பான். அந்த வருஷமே மூன்றாவது மாடி முழுக்க வரிசையாகக் கூடுகள் முளைத்தன. புதன்கிழமைதோறும் பால் காய்ச்சல். வாழைப்பழமும் கற்கண்டும் கம்பெனி செலவு. புகைப்படம் எடுத்து மாத இதழில் போட்டார்கள். நானும் ஓடியாடி ஏற்பாடு செய்தேன். திட்டம் யாருடையது என்று கேட்டால் குமுதா மேடத்துடையது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்தது. மீனலோசனிக்கு ஊருக்கு வந்துவிட வேண்டும். திருநகர் வீடு பூட்டிக் கிடந்தது, மாமனார் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார், ஆதிரைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை. பூபாலனும் சரி என்றார். ஒன்றே ஒன்று கேட்டார்: வேலையை விட்டுவிடுகிறேன், கூட்டை எடுத்துப் போகலாமா? என்ன விலை சொன்னாலும் கொடுக்கிறேன் என்றார்.

நான் சக்ரபாணியிடம் போய் நின்றேன்.

“லேப்டாப்பைக் கேட்டா குடுத்து அனுப்புவீங்களா? கம்பெனி சொத்து குமுதா. ஒருத்தருக்குக் குடுத்தா அத்தனை பேரும் கேப்பாங்க. அப்புறம் எவன் வேலைல இருப்பான்?”

கோபப்படாமல்தான் சொன்னார். சக்ரபாணி நல்ல மனிதர். எல்லார் பிறந்தநாளையும் ஞாபகம் வைத்திருப்பவர். கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பூபாலன் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். சிலி நாட்டின் தென்கோடியில் புன்டா அரீனாஸ். கூட்டைப் பழுது பார்த்து அனுப்புவதற்காக எண்ணூர் கோடவுனுக்குக் கொண்டுவந்தோம். அதோடு நார்வேயில் செய்த நகலும் வந்து சேர்ந்தது. அது யாருக்கும் உதவாது, கழிவில் தள்ளிவிடு என்று உத்தரவு. பூபாலனுக்கு ஒரு மாத விடுமுறை. மனிதர் மதுரைக்குப் போகவில்லை. எண்ணூர் கோடவுனிலேயே தங்கிவிட்டார்.

அதே சமயம் எனக்கும் மாற்றல் வந்தது. புன்டா அரீனாஸில் குடியேற்றப் பிரிவைத் தொடங்க வேண்டும், அடுத்த புதனன்று எனக்கென்று ஒரு கூட்டில் நான் பால் காய்ச்ச வேண்டும். ஜுனைதா ஊசி போடும்போது சிரித்தாள்.

“உனக்குப் போடறது தண்டம்டி. அவுக்கறதுக்கு உள்ள முடிச்சே இல்லையே.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். கொசு கடித்த அளவுக்கு வலித்தது. அன்று மாலையே வழக்கம்போல என் வாடகை அறைக்குப் போனேன். தளர்வதற்கு அங்கே என்ன இருக்கிறது?

மறுநாள் மீனலோசனி அலுவலகத்துக்கு வந்தார். மதுரையிலிருந்து இரவு பஸ் பிடித்து, மகளை எண்ணூரில் அப்பாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

“அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன் மேடம். பால் காய்ச்சினது நான்தான்.”

சிலிக்கு நீங்களும் போகலாமே, விசா நான் பார்க்கிறேன் என்றேன். தலையாட்டி மறுத்தார். சிலி முடிந்தால் இன்னொரு ஊர், அது முடிந்தால் இன்னொன்று, பெட்டி போகிற இடமெல்லாம் பிள்ளையை இழுத்துக்கொண்டு திரிய முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அந்த ஊர்களின் வரிசை அப்போதே என் மேஜையில் இருந்தது.

“நார்வேல செஞ்ச அந்த இன்னொரு கூட்டைக் கழிச்சுக் கட்டப் போறீங்களாம்ல? அத நான் எடுத்துக்கிறேன்.”

“அது அவருக்கு ஒண்ணுக்கும் உதவாதும்மா. உங்களுக்கே தெரியுமே.”

“தெரியும் மேடம்” என்றார். “ரெண்டும் ஒரே கோடவுன்லதான கெடக்கு?”

கழிவு எடுக்கிற லாரிக்குத் தன் அண்ணன் பேரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். எனக்குக் கோபமாக வந்தது. என்னை என்னவென்று நினைத்தார் இந்தப் பெண்? இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூட நான் இடம் மாற்றி அனுப்பியதில்லை.

அடுத்த நாள் காலை ஏற்றுமதிக்கு முந்தின பார்வையிடலுக்காக எண்ணூர் போனேன். கோடவுனின் ஒரு மூலையில் அசல் கூடு, பக்கத்திலேயே நகல். ஆதிரை வெளியே ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். பூபாலன் அவள் பக்கத்தில் நின்றிருந்தார், கையை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி. என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்தாரோ இல்லையோ, ஆளே வேறு. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அழகைச் சொல்லிக் கேலி செய்தார். அவள் அவர் காதைப் பிடித்துத் திருகினாள். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

“எங்க வீட்டுக்கு இப்பத்தான் மேடம் மொதத் தடவையா வர்றீங்க” என்றார்.

நான் அளவெடுத்து வாங்கிய பலகைகள் அவை. அதன் ஆணி ஒவ்வொன்றுக்கும் ரசீது என்னிடம் இருந்தது. காப்பியைக் கீழே வைத்தேன். சக்ரபாணி மேல் ஆத்திரம் வந்தது. அதைவிட என் மேல் வந்தது. அப்பாவும் மகளும் சாப்பிடக் கிளம்பினார்கள். வாசலைத் தாண்டியதும் பூபாலன் மகளை இறக்கிவிட்டார். அவளுக்கு அது பழகிப் போயிருந்தது. நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு கூட்டின் கதவிலும் தொங்கிய பெயர் அட்டைகளை மாற்றி மாட்டுவதற்கு நேரமே ஆகவில்லை. இனி கழிவு லாரியில் ஏறி மதுரைக்குப் போவது அசல், கிரேனில் ஏறிச் சிலிக்குப் போவது நகல். ஒரே ஒரு தொல்லை. சொத்துப் பிரிவுக்காரர் மதியம் வருவார். அசலை எப்படி அடையாளம் காண்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்: அடுப்பு மேடையில் பால் கறை இருக்கும். நகலின் மேடை பளபளவென்று இருந்தது.

வாசல் டீக்கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கினேன். டீக்கடைக்காரரிடமே ஒரு பாத்திரமும் இரவல் கேட்டேன். நகலுக்குள் போய் மின்சாரத்தை இணைத்து, அடுப்பை வேகமாக வைத்து, பாலை ஊற்றிவிட்டு நின்றேன். யோசித்துப் பார்த்தால் நான் எந்த வீட்டிலும் பால் காய்ச்சியதில்லை. குவார்ட்டர்ஸில் அம்மா காய்ச்ச மாட்டாள். நமக்கு முன்னால் இருந்தவன் காய்ச்சியிருப்பான், நமக்குப் பின்னால் வருகிறவன் காய்ச்சிக்கொள்வான் என்பாள். ஊராருக்கெல்லாம் பொங்க வைத்திருக்கிறேன். எட்ட நின்று படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

பால் ஓரம் கட்டியது, நுரைத்தது, எழும்பியது. கிழக்குப் பக்கம் வழிய வேண்டும் என்பார்களே, எது கிழக்கு என்று தேடினேன். அதற்குள் நான்கு பக்கமும் வழிந்துவிட்டது. காந்தல் வாசனை அறை முழுக்கப் பரவியது. நன்றாகக் கறை பிடிக்கட்டும் என்று விட்டுவைத்தேன். மிச்சப் பாலை ஆற்றிக் குடித்தேன். ஜன்னல் வழியே கோடவுன் கூரையின் வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு பாயைப் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடிக்க வேண்டும், பை மாட்ட. அம்மா இருந்திருந்தால் அந்த மூலையில்தான் உட்கார்ந்திருப்பாள். கண்ணில் நீர் முட்டியது, எதற்கென்று எனக்கே தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். என் செருப்பு வாசலுக்கு வெளியே, ஓரமாக, ஜோடியாகக் கிடந்தது. கழற்றிய ஞாபகம் இல்லை.

சொத்துப் பிரிவுக்காரர் வந்து கறையைப் பார்த்தார், சரி என்றார். மதியத்துக்கு மேல் மீனலோசனியின் அண்ணன் லாரியைக் கொண்டுவந்தார். அசலை ஏற்றி முடித்ததும் பூபாலனும் ஆதிரையும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். நான் எழுந்து போய் வழியனுப்பவில்லை. அவர் ராஜினாமா அடுத்த வாரம் திருநகரிலிருந்து வந்தது. ஊசியின் பிடி எப்படித் தானாக விட்டது என்று கம்பெனியில் இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆளில்லாமல் போன அந்தக் கூட்டை எனக்கே ஒதுக்கித் தரும்படி கேட்டேன். சக்ரபாணி உடனே கையெழுத்துப் போட்டார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று லாரி போன சத்தம் அடங்கியதும் கிரேன் டிரைவர் வந்து கதவைத் தட்டினார்.

“மேடம், கொக்கி மாட்டியாச்சு. வெளிய வந்தீங்கன்னா தூக்கிரலாம்.”

“கொஞ்சம் இருங்க தம்பி” என்றேன். “ஜன்னலைச் சாத்திட்டு வந்துர்றேன். பூச்சி வந்துரும்.”